ரொறன்ரோ அக்கம்பக்க நிலையங்கள்: புதிதாக வந்தவர்களும் முதியோரும் குடும்பங்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபுறோவில் ஒரு சமூக நிலையத்தின் வரவேற்பு மேசையில் தொண்டராக இருக்கிறேன். தமிழ் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் எல்லாரும் நேரே என்னிடம்தான் வருவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே அவற்றைப் போட்டிருக்கிறேன். யாழ்ப்பாணப் பேச்சும் இருக்கும், சென்னைப் பேச்சும் இருக்கும். விதிகளும் தொகைகளும் மாறக்கூடியவை. விசாவோ பணமோ சம்பந்தப்பட்ட விஷயமென்றால் கையெழுத்துப் போடுமுன் நேரில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த சென்ரர் எண்டுறது என்ன? கவுண்மேந்து ஒஃபிஸா, இல்லாட்டி சேர்ச் ஆக்கள் நடத்துறதா?

இரண்டும் இல்லை. இலாப நோக்கம் இல்லாத தனி அமைப்புகள். மத்திய அரசு, ஒன்ராறியோ மாகாணம், நகரசபை, நிதி திரட்டிக் கொடுக்கும் தொண்டு அமைப்பான யுனைற்றட் வே போன்ற இடங்களில் இருந்து காசு வரும். நடத்துவது அந்த அமைப்பின் ஊழியர்களும் நிர்வாகக் குழுவும். ரொறன்ரோவுக்கு இது புதிய ஏற்பாடும் இல்லை. 1910இல் யூனிவர்சிற்றி செற்றில்மென்ற், அடுத்த ஆண்டு சென்ட்ரல் நெய்பர்ஹுட் ஹவுஸ், 1912இல் செயின்ற் கிறிஸ்ரொபர் ஹவுஸ் என்று வரிசையாகத் தொடங்கினார்கள். அன்றைக்கு வந்திறங்கிய ஐரோப்பியக் குடியேறிகளுக்கும் இதே ஆங்கில வகுப்பு, இதே பிள்ளை பராமரிப்புத்தான்.

இப்போது "ஹப்" என்று ஒரு வகை உண்டு. ஒரே கூரையின்கீழ் நாலைந்து அமைப்புகள் இருக்கும். ஒரு அறையில் வேலை தேட உதவி, அடுத்ததில் தாதி, அங்கால் சட்ட ஆலோசனை. கிழக்கு ஸ்காபுறோவில் ஸ்ரோர்ஃப்றன்ற் என்று ஒன்று இருக்கிறது. முதலில் ஒரு மாலுக்குள் இருந்தது, பிறகு லோறன்ஸ் வீதியில் ஒரு பழைய பொலிஸ் நிலையக் கட்டடத்துக்குப் போனது. அந்தக் கட்டடத்தை மாற்றி வடிவமைக்கும்போது கட்டடக் கலைஞர்களோடு அந்தப் பகுதி இளைஞர்களையும் உட்காரவைத்தார்கள்.

எங்கட வீட்டுக்குக் கிட்ட எது இருக்கெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

போனில் 211 அழுத்துங்கள். இரவு பகல் எந்நேரமும் ஆள் எடுப்பார், காசு இல்லை. ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள், 150க்கு மேற்பட்ட மொழிகளுக்கு அந்த வசதி உண்டு. உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கையில் வைத்திருங்கள், அதை முதலே கேட்பார்கள்.

இலக்கங்களைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். 211 சமூக உதவிக்கு. 311 நகரசபைக்கு: குப்பை எடுக்கவில்லை, வீதியில் குழி விழுந்திருக்கிறது என்றால். 811 உடம்பு சுகமில்லை, டொக்டரிடம் ஓடவேண்டுமா என்று தாதியிடம் கேட்க. 911 உயிராபத்து, தீ, கண்முன் நடக்கும் குற்றம் போன்ற அவசரத்துக்கு மட்டும்.

ஏன் சில ஏரியாவில மட்டும் இவ்வளவு புரோகிராம்? நாங்கள் இருக்கிற இடத்தில ஒண்டும் காணேல்லையே.

இதற்கு நகரத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஸ்காபுறோ, நோர்த் யோர்க் பக்கம் நிற்கிற உயரமான அப்பார்ட்மென்ற் கட்டடங்களில் அநேகமானவை 1960களிலும் 70களிலும் எழும்பியவை. கார் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்களை மனதில் வைத்துக் கட்டியதால் கீழே கடை இல்லை, பஸ் தரிப்பு தூரம், கிளினிக்கும் இல்லை. பிறகு அந்த வீடுகளுக்கு வந்தவர்கள் கார் இல்லாத புதுக் குடியேறிகள். சமூக சேவைகளோ நகரின் நடுவிலேயே கிடந்தன. 2004இல் யுனைற்றட் வே ஓர் அறிக்கை வெளியிட்டு, வறுமை நகரின் ஓரங்களில் குவிந்துகொண்டு வருகிறது என்று காட்டியது. அடுத்த ஆண்டு நகரம் 13 பகுதிகளை முன்னுரிமைப் பகுதிகள் என்று அறிவித்தது. 2014இல் அளவுகோலை மாற்றி, 31 பகுதிகளை மேம்படுத்த வேண்டியவையாகப் பட்டியலிட்டார்கள். பணமும் கட்டடமும் முதலில் அந்தப் பகுதிகளுக்கே போகும்.

உங்கள் தெரு பட்டியலில் இல்லை என்பதற்காக யாரும் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். சில திட்டங்களுக்கு எல்லை உண்டு, பலவற்றுக்கு இல்லை. பஸ்ஸில் இரண்டு தரிப்பு தள்ளிப் போனால் போதும் என்ற நிலைதான் அதிகம்.

காசு எவ்வளவு கட்டோணும்?

குடியேற்ற ஆலோசனை, ஆங்கில வகுப்பு, படிவம் நிரப்ப உதவி, சிறுபிள்ளைகளுக்கான நிலையம் எல்லாம் இலவசம். நகரசபையின் நீச்சல், ஸ்கேற்றிங் வகுப்புகளுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் சில பொழுதுபோக்கு நிலையங்களில் எல்லாமே இலவசம். மற்ற இடங்களில் வருமானம் குறைந்தவர்களுக்கு "வெல்கம் பொலிசி" என்ற சலுகை இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கவேண்டும். பதிவு தொடங்குகிற அன்று காலை எழும்பி விண்ணப்பித்தால் நீச்சல் வகுப்பு நிரம்பிவிடும். இரண்டு மாதம் முன்னதாகவே செய்துவிடுங்கள்.

பி.ஆர். கார்ட் வரல. ரெஃப்யூஜி கேஸ் இன்னும் நடக்குது. உள்ள விடுவாங்களா?

உள்ளே விடுவார்கள். எந்தச் சேவை கிடைக்கும் என்பதில்தான் வித்தியாசம். மத்திய அரசின் காசில் நடக்கும் குடியேற்றச் சேவை நிரந்தர வதிவாளர்களுக்கும் (பி.ஆர்.) அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் உரியது. வழக்கு முடியாதவர்கள், மாணவ விசாவில் இருப்பவர்கள், பார்வையாளர்கள் அதில் வரமாட்டார்கள். மாகாணத்தின் காசில் நடக்கும் குடியேற்றச் சேவை அகதி விண்ணப்பதாரர்களையும் எடுக்கும். ஆகவே ஒரு மேசையில் "இல்லை" என்று சொன்னால் உடனே எழும்பி வராதீர்கள். "மாகாணத் திட்டத்தில் செய்யலாமா?" என்று கேளுங்கள். அதே கட்டடத்தில் அடுத்த அறையிலேயே ஆள் இருக்கக்கூடும்.

நகரசபைச் சேவைகளுக்கு இன்னும் தாராளம். 2013இல் ரொறன்ரோ நகரசபை, குடிவரவு நிலையைப் பார்க்காமல் எல்லாருக்கும் சேவை என்று முடிவெடுத்தது. பள்ளிக்கூட விஷயத்தில் மாகாணச் சட்டமே தெளிவு: பெற்றோரிடம் பத்திரம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்க முடியாது. மாணவ விசாவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் நூலக அட்டை, 211, நகரசபையின் பொழுதுபோக்கு நிலையம் எல்லாம் உண்டு.

சிற்றிசன் எடுத்தாச்சு. இனி இங்கிலீஷ் கிளாஸ் போகேலாதோ?

லிங்க் என்று சொல்கிற மத்திய அரசு வகுப்புக்குப் போகமுடியாது. அதற்குப் பதிலாகப் பள்ளிச் சபைகள் நடத்தும் ஈ.எஸ்.எல். (இரண்டாம் மொழியாக ஆங்கிலம்) வகுப்புக்குப் போகலாம், குடியுரிமை பெற்றவர்களையும் எடுப்பார்கள். இன்னும் பி.ஆரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சில லிங்க் நிலையங்களில் நீங்கள் படிக்கும் நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு. அந்த வசதிக்காகவே குடியுரிமைக்கு முன் வகுப்பை முடித்துக்கொள்ளச் சொல்வேன். நாலாம் மட்டம் முடித்த சான்றிதழ், குடியுரிமை விண்ணப்பத்தில் மொழித் தகுதிக்கும் ஏற்கப்படும்.

பேர், விலாசம் எல்லாம் எழுதி வாங்கீனம். இது இமிகிரேசனுக்குப் போகுமோ?

மறைக்காமல் சொல்கிறேன். மத்திய அரசின் காசில் நடக்கும் சேவையென்றால், யார் என்ன சேவை பெற்றார் என்பது அரசின் தரவுத் தொகுப்பில் பதிவாகும். அந்தக் காசுக்கு நிலையம் கணக்குக் காட்டவேண்டும் அல்லவா. ஆங்கில வகுப்புக்குப் போனார் என்பதற்காக ஒருவருடைய பி.ஆரோ குடியுரிமையோ கெட்டுப்போகாது. போனது நல்லதே.

நீங்கள் ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசும் குடும்பப் பிரச்சினை, கடன், உடல்நலம் போன்றவற்றை உங்கள் ஒப்புதல் இல்லாமல் வெளியே கொடுக்கமாட்டார்கள். ஆனால் பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சட்டப்படி அறிவித்தே ஆகவேண்டும். கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தை ஒரு வரி விடாமல் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லலாம். கேள்வி கேட்காமல் கையெழுத்து வைப்பது நம்மவர்களின் பழக்கம். இங்கே அது தேவையில்லை.

அம்மாவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டனான். அவ இப்பிடி இடங்களுக்குப் போனா என்ர தலையில விழுமோ?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். இதற்குப் பயந்து அம்மாமார் வருடக்கணக்காக நாலு சுவருக்குள் இருக்கிறார்கள். பெற்றோரை ஸ்பொன்சர் செய்யும்போது 20 ஆண்டுக்குப் பொறுப்பேற்பதாக ஒப்பந்தம் போடுகிறீர்கள். அந்தக் காலத்துக்குள் அவர்கள் "சோசல்" என்று நாம் சொல்லும் ஒன்ராறியோ வேர்க்ஸ் போன்ற அரச உதவிப் பணத்தை எடுத்தால், அரசு அதை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். அவ்வளவுதான்.

முதியோர் உடற்பயிற்சி வகுப்பு சோசல் இல்லை. ஆங்கில வகுப்பும் இல்லை, நூலகமும் இல்லை, ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்பீட்டு அட்டையில் டொக்டரைப் பார்ப்பதும் இல்லை. நிலையத்தில் மத்தியானம் கொடுக்கும் சூப்பும் நிச்சயமாக இல்லை.

அவவுக்கு 65 ஆச்சு. பென்ஷன் வருமோ?

முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு 18 வயதுக்குப் பிறகு குறைந்தது பத்து ஆண்டு கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். முழுத்தொகைக்கு 40 ஆண்டு. பத்து ஆண்டென்றால் கால்வாசி. வருமானம் குறைவென்றால் அதன்மேல் ஒரு கூட்டுத்தொகை உண்டு, அது ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் போய் நின்றால் நின்றுவிடும். பழைய பாஸ்போட்டுகளை எறியாதீர்கள். எந்தத் திகதியில் வந்து இறங்கினீர்கள், எத்தனை தரம் ஊருக்குப் போனீர்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு அந்த முத்திரைகள்தான் இருக்கும்.

அப்பா அம்மா சூப்பர் விசால வந்திருக்காங்க. அவங்க ஏதாவது செய்ய முடியுமா?

சூப்பர் விசா என்பது பெற்றோர் நீண்டகாலம் வந்து தங்குவதற்கான பார்வையாளர் விசா. மாகாணத்தின் மருத்துவக் காப்பீடு அவர்களுக்கு இல்லை. விசாவுக்காக வாங்கிய தனியார் காப்பீடுதான், குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கு. அந்தக் காப்பீட்டுப் பத்திரத்தின் பிரதியை அவர்களின் கைப்பையிலும் வையுங்கள், உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது. மத்திய அரசின் ஆங்கில வகுப்பும் அவர்களுக்குக் கிடையாது. மற்றபடி அக்கம்பக்கத்து நடைக்குழு, பூங்கா, நூலகத்தின் ஆங்கில உரையாடல் வட்டம், கோயில் சார்ந்த முதியோர் கூடல் போன்றவற்றில் விசா கேட்கிறவர்கள் இல்லை. நகரின் பொதுப் போக்குவரத்தான ரி.ரி.சி. பஸ்ஸில் 65 தாண்டியவர்களுக்குக் குறைந்த கட்டணம். அதற்கும் குடியுரிமை தேவையில்லை.

அப்பா ஊரில ஆசிரியரா இருந்தவர். இங்க ரீவிக்கு முன்னால இருந்து எழும்பிறாரில்லை. இங்கிலீஷும் வராது. கூட்டிக்கொண்டு வந்தா என்ன செய்வினம்?

தமிழ் பேசும் முதியோர் குழுக்கள் ஸ்காபுறோவில் இருக்கின்றன. கதிரையில் இருந்தபடி செய்யும் பயிற்சி, யோகா, கரம், கணினி பழக்கம், இரத்த அழுத்தம் பார்த்தல், ஆண்டுக்கு ஒரு சுற்றுலா என்று ஓடும். குளிர்காலத்தில் வெளியே வழுக்கும் என்பதால் மாலுக்குள் கூட்டமாக நடக்கிற குழுக்களும் உண்டு. கடைகள் திறக்குமுன், கம்பிக்கதவுகள் மூடிக் கிடக்கும்போதே நடையை முடித்துவிட்டு, சாப்பாட்டுக் கடைப் பக்கம் ஒரு கோப்பிக்கு நாலு பேர் உட்கார்ந்து ஊர்ப்புதினம் பேசுவார்கள். என் அனுபவத்தில் உடற்பயிற்சியைவிட அந்தக் கோப்பிதான் ஆட்களைத் திரும்ப வரவைக்கிறது.

முதல் நாள் அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடாதீர்கள். கூட வந்து அரைமணி நேரம் இருங்கள். ஆசிரியராக இருந்தவரிடம் "பொழுதுபோகும், வாங்கோ" என்று சொல்வதைவிட, பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கப் பழக்க ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். உதவி வாங்க வருவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர்கள், உதவி செய்ய வரச்சொன்னால் சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். நடக்கவே கஷ்டம் என்றால் ரி.ரி.சி.யின் வீல்-ட்றான்ஸ் வண்டிக்கு விண்ணப்பிக்கலாம். பல்வலியென்றால் வருமானம் குறைந்த முதியோருக்கு மாகாணத்தின் இலவசப் பல் மருத்துவத் திட்டம் 2019இல் இருந்து இருக்கிறது. இரண்டு படிவங்களையும் நிலையத்தில் நிரப்பித் தருவார்கள்.

கைக்குழந்தையோட தனியா பேஸ்மென்ற்ல இருக்கிறன். பகல்ல ஒரு சனம் இல்லை. பைத்தியம் பிடிக்குது.

ஏர்லிஓன் நிலையத்துக்குப் போங்கள். பிறந்ததில் இருந்து ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கும் அவர்களைப் பார்க்கிற பெரியவர்களுக்கும் உரியது. ஒன்ராறியோ முழுவதும் இருக்கிறது, இலவசம். டேகெயர் என்று நினைத்துப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகமுடியாது, நீங்களும் கூட இருக்கவேண்டும். அம்மம்மாவோ அப்பப்பாவோ கூட்டிப்போகலாம்.

உள்ளே போனால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் உட்கார்வீர்கள். பிள்ளை மண்ணிலும் தண்ணீரிலும் விளையாடும், முடிவில் எல்லாரும் வட்டமாக இருந்து கைதட்டிப் பாடுவார்கள். ஆங்கிலப் பாட்டுத் தெரியாவிட்டால் நிலா நிலா ஓடி வா பாடுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். பக்கத்தில் இருக்கிற சீனத் தாயோ ஆப்கான் தாயோ அடுத்த வாரம் உங்களைப் பார்த்துக் கையசைப்பார். மனம் மிகவும் சோர்ந்திருந்தால், நித்திரை வராமல் அழுகை மட்டும் வந்தால், அங்குள்ள ஊழியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பொதுச் சுகாதாரத் தாதியிடம் இணைத்துவிடுவார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய், வைத்தியம் உண்டு.

பள்ளிக்கூடத்தில ரீச்சர் கூப்பிட்டா எனக்கு ஒண்டும் விளங்குறேல்லை.

பல பள்ளிகளில் குடியேற்ற ஊழியர் ஒருவர் இருப்பார். 1999இல் தொடங்கிய திட்டம் அது. பள்ளி ஒஃபிஸில் "செற்றில்மென்ற் வேர்க்கர்" என்று கேளுங்கள். சந்திப்புக்குக் கூடவே வந்து இருப்பார், மொழிபெயர்ப்பாளரும் ஏற்பாடு செய்வார். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய முறைப்பாட்டை எந்தப் பிள்ளையும் முழுதாக மொழிபெயர்த்ததில்லை.

வீட்டுக்காரர் எழுத்தில ஒண்டும் தரேல்லை. இப்ப திடீரெண்டு எழும்பச் சொல்றார்.

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். முறைப்படி அறிவித்தல் தராமல், வாடகைத் தீர்ப்பாயத்தின் உத்தரவும் இல்லாமல் உங்களை வெளியே போட முடியாது. ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள்: வீட்டு உரிமையாளரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்கிறவர்களுக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. எந்த நிலையம் என்றாலும் உங்களை அந்தப் பகுதியின் இலவசச் சட்ட உதவி நிலையத்துக்கு அனுப்பும். வாடகை கொடுத்த ரசீதோ வங்கிப் பரிமாற்றப் பதிவோ எடுத்துப் போங்கள். கையில் காசாகக் கொடுத்துவிட்டு எழுதி வாங்காமல் வருவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

வருமானமே இல்ல, அப்புறம் எதுக்கு டாக்ஸ் ஃபைல் பண்ணணும்?

அரசு மாதாமாதம் தரும் பிள்ளைக் கொடுப்பனவு உங்கள் கணக்கில் விழுந்துகொண்டே இருக்கவேண்டும் என்றால் கணவன், மனைவி இருவரும் ஆண்டுதோறும் வரிப் பத்திரம் அனுப்பவேண்டும், வருமானம் பூச்சியமாக இருந்தாலும். மேலே சொன்ன வெல்கம் பொலிசி, முதியோர் கூட்டுத்தொகை, பல் மருத்துவம் எல்லாவற்றிலும் பெரும்பாலும் அந்தப் பத்திரத்தைக் கொண்டே உங்கள் வருமானத்தைப் பார்ப்பார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு மார்ச், ஏப்ரலில் பல நிலையங்களில் தொண்டர்கள் இலவசமாகச் செய்துதருவார்கள். புதிதாக வந்த பெற்றோர் முதல் வரிப் பத்திரம் வரை காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளைக் கொடுப்பனவுக்குத் தனிப் படிவம் உண்டு, தகுதி இருந்தால் வந்த மாதமே போடலாம். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் கனடாவில் 18 மாதம் தொடர்ந்து வாழ்ந்த பிறகே கேட்கலாம்.

ஒவ்வொரு இடமும் இன்னொரு இடத்துக்கு அனுப்புது. சுத்திச் சுத்திக் களைச்சுப் போனன். இதுக்கேன் வரவேணும்?

கோபம் நியாயம். யாருடைய காசு என்பதைப் பொறுத்து யாருக்குச் சேவை என்று பிரித்து வைத்திருப்பதால் வருகிற வினை இது. ஊழியர்களும் நிலையாக இருப்பதில்லை. பல திட்டங்களின் ஒப்பந்தம் மார்ச் 31ஓடு முடியும், ஏப்ரலில் நீங்கள் பழகிய ஆள் இருக்கமாட்டார். இது சரியான ஏற்பாடு என்று நான் வாதாட மாட்டேன்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு துண்டில் இலக்கம் எழுதித் தந்து அனுப்பினால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். "நான் இங்கே இருக்கும்போதே நீங்கள் அவர்களுக்குப் போன் எடுத்து நேரம் வாங்கித் தாருங்கள்" என்று கேளுங்கள். நல்ல ஊழியர் கேட்காமலே அதைச் செய்வார், மற்றவர் கேட்டால் செய்வார். யாரோடு பேசினீர்கள், என்றைக்கு என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் ஆள் மாறினாலும் கதையை முதலில் இருந்து சொல்லவேண்டிவராது.

மகனுக்கு ஸ்கூல்ல 40 மணி நேரம் வாலண்டியர் பண்ணணுமாம். இங்க பண்ணலாமா?

தாராளமாக. ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு அது கட்டாயம். கடைசி ஆண்டு மே மாதம் ஓடிவராமல் ஒன்பதாம் வகுப்புக் கோடையிலேயே அனுப்புங்கள்.

எங்கட கட்டடத்தில ஒண்டுமே இல்லை. நாங்களே ஏதும் தொடங்கேலுமோ?

தோர்ன்கிளிஃப் பார்க் என்று ஒரு பகுதி, உயரமான கட்டடங்களும் புதுக் குடும்பங்களும் நிறைந்த இடம். அங்கே சில தாய்மார் 2008 அளவில் பாழடைந்து கிடந்த பூங்காவைத் திருத்தவேண்டும் என்று சேர்ந்தார்கள். நகரசபையோடு பேசிப் பேசி, அந்தப் பூங்காவில் வெள்ளிக்கிழமைச் சந்தை போட்டார்கள். பெண்கள் வீட்டில் செய்த சாப்பாடும் தைத்த துணியும் விற்றார்கள். பிறகு பூங்காவுக்குள்ளேயே ஒரு தந்தூரி அடுப்பும் வந்தது. அனுமதிக்கும் விதிக்கும் அவர்கள் அலைந்தது கொஞ்சநஞ்சம் இல்லை.

நீங்கள் பெரிதாகத் தொடங்கத் தேவையில்லை. கட்டடத்தின் பொது அறையைச் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் கேட்டுப் பாருங்கள். ஐந்தாறு குடும்பம் சேர்ந்தபின் அருகில் உள்ள நிலையத்தின் சமூக மேம்பாட்டு ஊழியரைச் சந்தியுங்கள். இந்த வேலைக்கென்றே ஒருவர் பல நிலையங்களில் இருப்பார். சிறு மானியங்கள் பலவற்றுக்குப் பதிவுசெய்த அமைப்பாக இருக்கவேண்டும் என்பார்கள். உங்கள் குழு பதிவாகவில்லை என்றால், பதிவுள்ள நிலையம் ஒன்று உங்கள் சார்பில் காசை வாங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அந்த உடன்பாட்டை எழுத்தில் போட்டு, ரசீதுகளை யார் வைத்திருப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானித்துவிடுங்கள்.